கோட்டை அடுக்குமாடியானால் பாட்டு கெடுமா?

கேள்வி: மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ என்னும் நகைச்சுவை இசைநாடகம் நியூயார்க் அடுக்குமாடி ஒன்றில் நடப்பதாக மாற்றப்பட்ட பதிவைப் பார்த்தேன். பதினெட்டு நாள் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த எனக்கு இது மூலத்தைச் சிதைப்பதாகவே படுகிறது. தங்கள் கருத்து என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பென்னாகரம்

பதில்: தாங்கள் பார்த்தது அமெரிக்க இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் 1980களில் மேடையேற்றியதாக இருக்கலாம். 1786இல் வியன்னாவில் அரங்கேறிய மூலத்தில், பணிப்பெண்ணின் முதலிரவு எசமானுக்கே என்ற பழைய உரிமையைக் கைவிட்டுவிட்டதாகப் பெருமை பேசும் ஸ்பெயினின் செவில் நகருக்கு அருகே கோட்டையில் வாழும் பிரபு ஒருவன், தன் பணியாள் ஃபிகாரோ மணக்கவிருக்கும் சுசன்னாவிடம் அதே உரிமையைக் கள்ளத்தனமாகப் பெறத் துடிக்கிறான். செல்லர்ஸ் இத்தாலிய வரிகளையும் இசையையும் அப்படியே விட்டுவிட்டு, கோட்டையை மட்டும் டிரம்ப் டவரின் ஆடம்பரக் குடியிருப்பாக்கினார். வேலை கொடுப்பவன் வேலைக்காரியிடம் அத்துமீறுவது அந்த நூற்றாண்டோடு ஒழிந்துவிடவில்லை என்பதால் சிரிப்பும் அதன் அடியிலுள்ள கசப்பும் இடம் மாறியும் பிழைத்தன.

தங்கள் ஊர்க் கூத்தையே நினைத்துப் பாருங்கள். துரியோதனன் வருகைக்குக் கட்டியம் கூறும் வாயாலேயே கட்டியக்காரன் ரேஷன் கடை வரிசையையும் கடைசிப் பேருந்தையும் இழுத்துவிடுகிறான். பாரதம் கெட்டதென்று எவரும் எழுந்து போவதில்லை. லண்டனில் 1885இல் அரங்கேறிய ‘மிகாடோ’ என்னும் நகைச்சுவை இசைநாடகத்திலும், ஒழித்துக்கட்ட வேண்டியவர்களின் பட்டியலைப் பாடும் பாட்டில் அவ்வக்காலத்து ஆட்களைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், கூத்தில் கட்டியக்காரன் மட்டுமே காலம் தாண்டுகிறான், கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த அரசன் தன் காலத்திலேயே நிற்கிறான் என்று தாங்கள் மறுத்தால், அது நியாயமான மறுப்பே.

மாற்றத்தில் தையல் தெரியும் இடங்களும் உண்டு. பெண்களைச் சுற்றித் திரியும் சிறுவன் செரூபினோவைப் பிரபு தன் படைப்பிரிவுக்கு அனுப்பிவைக்க, அதைக் கேலிசெய்து ஃபிகாரோ பாடும் பாட்டு புகழ்பெற்றது. அடுக்குமாடிச் செல்வந்தனுக்கு ஏது படை? அந்த இடத்தில் எனக்கும் உறுத்தியது.

கேள்வி: இக்கதையை எங்கள் ஊருக்கு மாற்ற முடியுமா?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: தாராளமாக முடியும். பிரபுவை மாங்கூழ் ஆலை முதலாளியாக்கலாம்; நான்காம் அங்கத்தில் பெண்கள் உடை மாற்றிக்கொண்டு ஏமாற்றும் இருண்ட தோட்டத்துக்கு மாந்தோப்பே போதும், அன்றிரவு மின்தடை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். செரூபினோவை வெளியூர்க் கிடங்கிற்கு மாற்றல் செய்துவிடலாம். அங்கே போருக்குப் போவது போன்ற அந்த மிடுக்கான இசை ஒலித்தால், சிரிப்பு இன்னும் கூடும்.