குளிர்காலம் முடிந்து எடுத்தால் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பேட்டரி இறங்கியிருக்கிறதா?

நண்பரே, நவம்பரில் முழு சார்ஜ் ஏற்றி மெயின் சுவிட்சையும் அணைத்து நிறுத்திய வண்டியில் ஏப்ரலில் 11.8 வோல்ட்தான் இருக்கிறது என்கிறீர்கள். உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பல ஆர்.வி.களில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் அந்த சுவிட்சைத் தாண்டி நேராக பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். என் வண்டியிலும் இதேதான், ஒருநாள் இரவு உள்ளே போனபோது இருட்டில் தரையோரமாக ஒரு சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

சரி, முதலில் பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருக்கிறதா பாருங்கள், உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், உள்ளே இருக்கும் திரவம் உறைந்திருக்கலாம். இல்லையென்றால், தண்ணீர் ஊற்றும் வகை லெட்-ஆசிட் பேட்டரிதானே, மூடியைத் திறந்து, உள்ளே உள்ள ஈயத் தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் 14.4 வோல்ட் வரை ஏற்றும் சார்ஜரில் போடுங்கள். மீதித் தண்ணீரை சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னாலேயே நிரப்பினால் அமிலம் வழிந்து ட்ரேயை அரித்துவிடும். அப்புறம் ஒரு நாள் சும்மா விட்டு அளந்தால் 12.6 நிற்க வேண்டும். 12.2க்குக் கீழே போனால் பெரும்பாலும் தகட்டில் சல்பேட் (சார்ஜ் இல்லாமல் கிடந்தால் படியும் உப்பு) இறுகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

அடுத்த நவம்பரில் நெகடிவ் வயரையே கழற்றி வைத்துவிடுங்கள்.