சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர்? வரைபடத்தில் கோடு போட்டால் சஹாரா வழியாகப் போகிறதே, அதுதான் பாதையா?

சாங்கியிலிருந்து ஜேஎஃப்கே விமான நிலையம் வரை 15,349 கி.மீ. பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறைந்த தூரம் இது. மகள் நியூஜெர்சியில் இருப்பதால் எனக்குப் பழக்கமான பயணம்தான்.

நீங்கள் போட்ட கோடு இலங்கை, அரபிக்கடல், சஹாரா, அட்லாண்டிக் என்று போயிருக்கும். தட்டையான வரைபடத்தில் அது நேராகத் தெரியும். ஆனால் நிஜமாகவே அப்படிப் பறந்தால் சுமார் 18,500 கி.மீ. ஆகும், 3,000 கி.மீ.க்கு மேல் சுற்று.

மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது! இதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்கு தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74 பாகையில். கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் நேராக வடக்கே ஏறி, துருவம் தாண்டித் தெற்கே இறங்கினால் போதும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 15,335 வருகிறது. பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் அந்தச் சிறு வித்தியாசம். பள்ளியில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகை இவ்வளவு அழகாக உதவும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சரி, விமானம் அப்படியே துருவத்தின் மேல் போகிறதா? பெரும்பாலும் இல்லை. நியூயார்க் போகும்போது ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைத் தாண்டி, அமெரிக்காவுக்குக் குறுக்கே போகும். தூரம் கூடத்தான் செய்யும். ஆனால் அங்கே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சம். குளிர்காலத்தில் அந்தக் காற்று மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வீசும். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பாதையும் மாறும். எப்படிப் போனாலும் கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம்தான்.

இவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடக்கப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு ஏ340-500 விமானத்தில் நேரடிச் சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின், எரிபொருள் செலவு தாங்கவில்லை, 2013இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்த பிறகு 2018இல் மறுபடியும் தொடங்கினார்கள், ஜேஎஃப்கேவுக்கு 2020இல். அந்த விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அந்த எடையைச் சுமக்க வேண்டியதால் இருக்கைகள் 161 மட்டுமே, எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

துருவக் கணக்கு இப்படி எதிரெதிர்ப் பக்கம் உள்ள ஊர்களுக்குத்தான் ஒத்துவரும். வேறு இரண்டு ஊர்கள் என்றால் ஒரு உருண்டை குளோபில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் போகும் வழிதான் குறுகிய பாதை.