காப்பகத்தில் தம்பி தாக்கப்பட்டது பற்றி

வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள உங்கள் தம்பியைப் பெரம்பூர்க் காப்பகத்தின் ஊழியர் அடித்ததாகவும், தம்பி சொல்வது சாட்சியாகாது என்று நிர்வாகம் கூறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது முற்றிலும் தவறு. கேள்வியைப் புரிந்துகொண்டு பதிலளிக்க முடிந்த எவரும் சட்டப்படி சாட்சியே.

முதலில், காயங்கள் ஆறுவதற்குள், இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, யார் எதனால் அடித்தார் என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில், மாற்றுத்திறனாளியை அவமதிக்கும் நோக்கில் தாக்குவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவை நீங்களே குறிப்பிடுங்கள்; இல்லையேல் சாதாரண அடிதடியாகவே பதிவாகிவிடக்கூடும் என்பதே என் கவலை. விசாரணைக்குத் தம்பியைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது; காவலர்தாம் வீட்டுக்கு வர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டு வாங்குங்கள்.