மெக்கானிக்கை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க

கேள்வி: யூஸ்டு கார் டீலர்கிட்ட 4,80,000 ரூபாய்க்கு ஒரு கார் வாங்கினேன், வீட்டு உபயோகத்துக்குத்தான். மூணாவது வாரத்துலயே ஓடிட்டிருக்கும்போது எஞ்சின் ஆஃப் ஆகுது, டேஷ்போர்டு லைட்டெல்லாம் கண்டபடி எரியுது. மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பாத்துட்டு இது வெள்ளத்துல மூழ்கின வண்டிங்கிறாரு. டீலர்கிட்ட கேட்டா, இருக்கிற நிலைமையில வாங்கிக்கிறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களேன்னு கையை விரிச்சிட்டாரு. கேஸ் போட முடியுமா?

பதில்: போடலாம் சார். ஆனா இதைப் படிச்ச உடனே மெக்கானிக்குக்கு போன் போட்டு வண்டியில கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. இந்த மாதிரி கேஸ்ல நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான், அவசரத்துக்கு வயரிங்கை மாத்தி, கார்பெட்டைக் கழுவி, எல்லாத்தையும் சரி பண்ணி ஓட்டிட்டு அப்புறம் பில்லை மட்டும் எடுத்துட்டு வருவாங்க, குறை இருந்ததுக்கு சாட்சியே வண்டிதான், அதை நாமளே அழிச்சிட்டு எதை வச்சு வாதாடுறது? சீட்டுக்கு அடியில துரு, சீட் பெல்ட்டை முழுசா இழுத்தா தெரியுற சேத்துக்கறை, ஸ்டெப்னி இருக்கிற குழியில வண்டல், எல்லாத்தையும் தேதியோட வீடியோ எடுங்க. அந்த கார் கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல செக் பண்ணி லெட்டர்ஹெட்ல ரிப்போர்ட் வாங்குங்க. மெக்கானிக் வாயால சொன்னது நுகர்வோர் கமிஷன்ல, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்ல, நிக்காது.

இப்ப அந்தக் கையெழுத்து விஷயம். அதுக்கு மதிப்பே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1930 சரக்கு விற்பனைச் சட்டப்படி பாத்து வாங்க வேண்டியது வாங்குறவர் பொறுப்புதான், பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கிற குறைக்கு டீலரைப் பிடிக்க முடியாது. பேட்டரி வீக், க்ளட்ச் தேஞ்சிருக்குன்னு போனா பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிடுவாங்க. ஆனா அந்தப் பேப்பர் பொய்க்குக் காவல் நிக்காது. ஒப்பந்தச் சட்டத்துல இதுக்கு ஒரு நுணுக்கம் இருக்கு: டீலர் வாயைத் திறக்காம மறைச்சிருந்தா, கொஞ்சம் விசாரிச்சிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேன்னு அவர் வாதாடலாம். தெரிஞ்சே பொய் சொல்லி வித்திருந்தா அந்த வாதம் எடுபடாது. அதனால விளம்பரத்துல, வாட்ஸ்அப்ல, "தண்ணில போகாத வண்டி", "ஆக்சிடெண்ட் இல்ல"ன்னு எங்கயாவது போட்டிருக்காரா தேடுங்க. கிடைச்சா டெலீட் பண்றதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நோட்டீஸ் போறதுக்கு முன்னாடியே. அந்த போனையும் மாத்திடாதீங்க. என்னைக் கேட்டா உங்க கேஸோட பாதி பலம் அந்த ஒரு மெசேஜ்லதான் இருக்கு.

டீலர் அடுத்து சொல்லப்போறது, நான் வெறும் புரோக்கர், வித்தது பழைய ஓனர்னு. பணம் யார் அக்கவுண்டுக்குப் போச்சு, ரசீது யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தவிர, 2023 ஏப்ரல் 1-லேர்ந்து பழைய வண்டி வித்து வாங்குற டீலர்கள் வண்டிப் பதிவு அதிகாரிகிட்ட (ஆர்டிஓ) அங்கீகாரச் சான்று வாங்கியிருக்கணும், ஓனர்கிட்டேர்ந்து வண்டி கைக்கு வந்ததை 29சி படிவத்துல தெரிவிக்கணும். அவர் அதைப் பண்ணினாரான்னு நோட்டீஸ்லயே கேளுங்க. (டீலர் இல்லாம தனி ஆள்கிட்ட நேரா வாங்கினவங்களுக்கு நுகர்வோர் கமிஷன் உதவாது, அவங்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும்.)

எங்க போடணும்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி மாவட்டக் கமிஷன். டீலர் வேற ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருக்கிறதால கட்டணமே கிடையாது. 2 வருஷம் டைம் இருக்கு, ஆனா ஆறப்போட்டா, நீங்க ஓட்டித்தான் கெடுத்தீங்கன்னு சொல்லுவாங்க. வக்கீல் கட்டாயமில்ல. முதல்ல 15 நாள் டைம் குடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்க, கூடவே தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி புகாரும் பதிஞ்சு வைங்க, சில டீலருங்க இதுலயே இறங்கி வந்துடுவாங்க. மனுவுல பணம் வாபஸ், நஷ்டஈடு, செலவுத்தொகை மூணும் கேளுங்க, வண்டியை டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னும், முந்தின ஓனர் வெள்ளத்துக்கு இன்ஷூரன்ஸ் க்ளைம் வாங்கியிருந்தா அந்த ரெக்கார்டை வரவழைக்கணும்னும் தனியா கேளுங்க. டெஸ்ட் இருந்தா 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில கூடவே ஆகும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

நடுவுல டீலரே வண்டியை எடுத்துக்கிறேன்னு வந்தா நல்லதுதான், ஆனா பணம் அக்கவுண்டுல ஏறாம சாவியைக் குடுக்காதீங்க. ஆர்சி உங்க பேருக்கு மாறியிருந்தா பேர் மாத்துற வேலையையும் அன்னிக்கே முடிங்க. ஏன்னா ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவர்தான் ஆக்சிடெண்ட் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, வண்டியைத் திருப்பிக் குடுத்தப்புறம் எவனோ இடிச்சதுக்கு நீங்க கோர்ட் வாசல்ல நிக்க வேண்டி வரும்.