கடலூரில் பொங்கலுக்குள் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? புதுச்சேரி மஞ்சள் எங்கள் சுவரில் நிற்குமா?

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறது, கட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன, பொங்கலுக்கு முன் வெளிச்சுவர் முழுவதையும் புதுச்சேரிப் பிரெஞ்சுத் தெருக்களில் பார்க்கிற அந்த மஞ்சளில் அடித்துவிட விரும்புகிறேன், எந்தப் பெயிண்ட் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், கார்த்திகை மழையில் வடக்குச் சுவர் ஊறி உள்பக்கம் கறை தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்: இந்தப் பொங்கலுக்கு அடிக்காதீர்கள், பங்குனி வரை பொறுத்திருங்கள்.

இதைப் படித்துவிட்டு, பண்டிகைக்கு வீட்டைப் புதுப்பிக்கும் வழக்கத்தையே குறை சொல்கிறாள் என்று சிலர் எழுதக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் போகிக்கு வீட்டைக் கழுவி, வாசலுக்குக் காவிக்கரை கட்டிக் கோலமிட்டுப் பொங்கல் வைப்பவள் நான். எந்தப் பெயிண்ட் கடையோடும் நிறுவனத்தோடும் எனக்குத் தொடர்பு இல்லை. கட்டடப் படிப்பும் படித்ததில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அந்த வீட்டில் ஒரு முறை அவசரப்பட்டதற்கு முழு விலையும் கொடுத்திருப்பதால் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மழை மேலிருந்து பெய்யவில்லை, கடல் பக்கத்திலிருந்து வந்து சுவரில் அறைந்தது. எங்கள் கிழக்குச் சுவர் விடிய விடிய நீரைக் குடித்தது. கொல்லையிலிருந்த வேம்பும் முருங்கையும் சாய்ந்தன. மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. அந்த நிலையில், என் நாத்தனாருக்குத் தை மாதக் கடைசியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் வீடு பாசியும் சேறுமாக நிற்பதா என்று எல்லோருக்கும் மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்யும் பெயிண்டரை அழைத்தோம். அவர் வீட்டைச் சுற்றி வந்து, நான்கு இடங்களில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுவர் இன்னும் காயலைம்மா, இப்ப அடிச்சா நிக்காது. கல்யாணத்துக்குக் கழுவி மட்டும் தர்றேன், சித்திரையில அடிச்சிக்கலாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. 'வெயில்தான் அடிக்கிறதே' என்று வற்புறுத்தி, பொங்கல் முடிந்த அடுத்த வாரமே வேலையைத் தொடங்க வைத்தோம். நிறத்தை நான் தேர்ந்தெடுத்தேன். நல்ல அடர்ந்த நீலம்.

திருமணப் புகைப்படங்களில் வீடு அழகாகவே இருக்கிறது. மாசி பிறந்தபோது கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் கொப்புளங்கள் தெரிந்தன. ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளிருந்து ஈரம் கசிந்தது. பங்குனியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் கிழக்குச் சுவரில் பாதி, கருவாட்டுச் செதிலைப் போல உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் சுவர் முழுவதும் வெள்ளை மாவு பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

அது ஏன் நடந்தது என்பதைப் பிறகு ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளரான உறவினர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் அடித்த எமல்ஷன் பெயிண்ட் என்பது சுவரின் மேல் படிந்து காய்ந்து ஒரு மெல்லிய தோலாக மாறும் பொருள். ஊறிய செங்கலும் சிமெண்டுக் காரையும் வெயில் ஏறும்போது தம்மிடமுள்ள நீரை ஆவியாக வெளியே தள்ளும்; அந்த நீர் வரும் வழியில் செங்கலிலும் மணலிலும் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். புதிய தோல் வழியை அடைத்துவிட்டால் ஆவி அதை உள்ளிருந்து தூக்குகிறது, உப்பு அதன் அடியிலேயே படிகமாகி மேலும் பிளக்கிறது. கடற்கரை ஊர்களில் காற்று கொண்டுவந்து படிய வைக்கும் உப்பும் இதனோடு சேர்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பெய்கிறது. ஆகவே பொங்கல் சமயத்தில் மேற்பரப்பு கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், சுவரின் நடுப்பகுதி ஓதம் குறையாமல்தான் இருக்கும்.

அப்படியானால் நம் முன்னோர் பொங்கலுக்குத்தானே வெள்ளையடித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே கேட்டேன். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. கடலூர் முதுநகரில் என் தாத்தா வீட்டில், கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, துணியில் வடிகட்டி, சிறிது நீலம் கலந்து, மட்டையால் அடிப்பதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. அதற்குச் சுவரில் சிறிது ஈரம் இருப்பது கெடுதல் அல்ல. இறுகிய பிறகும் அது ஆவியைத் தடுப்பதில்லை. தேய்ந்தால் அடுத்த தையில் மறுபடி ஒரு கை அடித்துக்கொள்வார்கள். வழக்கம் அந்தப் பொருளுக்கு முற்றிலும் பொருத்தமானதாக இருந்தது. பொருளை மாற்றிவிட்டு நாளை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சுவர் உரிந்தபோது எங்கள் வீட்டில் இருவர்மீது பழி விழுந்தது. ஒன்று, நான் தேர்ந்தெடுத்த நிறம். நீலம் இந்த வீட்டுக்கு ஆகாது என்று அத்தை பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்கள். மற்றொன்று, அந்தப் பெயிண்டர். மட்டமான சரக்கை அடித்துவிட்டார் என்று சொல்லி அவருக்குத் தர வேண்டிய பாக்கிக் கூலியை நிறுத்திவைத்தார்கள். வாளிகளை நாங்களே கடையில் வாங்கினோம் என்பதும், அவர் முன்கூட்டியே எச்சரித்தார் என்பதும் அனைவருக்கும் தெரியும். கடையில் கேட்டதற்கு, ஓதமுள்ள சுவருக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். அந்தப் பாக்கியை ஓராண்டுக்குப் பிறகு நான் கொடுத்தேன். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. சுவர் உரிந்தால் நாம் முதலில் தொழிலாளியைத் திட்டுகிறோம். உங்கள் பெயிண்டரும் பொறுக்கச் சொல்லியிருந்தால், தயவுசெய்து அவர் சொல்லைக் கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. வடக்குச் சுவர் ஏன் ஊறுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கைப்பிடிச் சுவரின் உச்சியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. மழைநீர்க் குழாய் சுவரில் நுழையும் துளையும் சரியாக அடைக்கப்படவில்லை. இவை இரண்டையும் கொத்தனாரை வைத்துச் சரிசெய்த பிறகுதான் உள்கறை நின்றது. அதை விட்டுவிட்டு எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் பயனில்லை. பிறகு மாசிக் கடைசியில், ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று பொருள். கையை வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. 2013 பங்குனியில் இப்படி மூன்று சுவர்களில் ஒட்டிப் பார்த்த பிறகே நாங்கள் மறுபடி அடித்தோம். அந்தப் பூச்சு, 2015 பெருமழையையும் தாண்டி, எட்டு ஆண்டுகள் நின்றது.

உப்பு பூத்த இடங்களை உடனே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்த உப்பு திரும்பவும் சுவருக்குள் இறங்கிவிடும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, அதன் பிறகு கழுவிக் காயவிட வேண்டும். கழுவுவதற்கும் பெயிண்டில் கலப்பதற்கும் நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் பல வீடுகளில் உவர்ப்பாக இருக்கிறது. அதைக் கலந்தால் நாமே உப்பை அடிப்பதாக ஆகும். வெளிப்பக்கம் பட்டி பார்ப்பதாக இருந்தால் வெள்ளைச் சிமெண்டுப் பட்டியை மட்டும், தேவையான இடத்தில் மட்டும், மெல்லியதாக இழுக்கச் சொல்லுங்கள். வழவழப்புக்காகச் சுவர் முழுவதும் கனமாக இழுப்பது வெளிச்சுவருக்குத் தேவையற்றது என்பது என் கருத்து, பலர் மறுப்பார்கள். உப்புத்தாள் தேய்த்த தூசியைத் துடைத்த பிறகு வெளிச்சுவர்ப் பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை. வாளியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சுடுகிற சுவரில் அடித்தால் பூச்சு சரியாகப் படிவதற்குள் காய்ந்துவிடும். ஆகையால் காலையில் மேற்குச் சுவரையும் பிற்பகலில் கிழக்குச் சுவரையும், நிழல் இருக்கும்போது அடிப்பதுதான் முறை.

இனி உங்கள் மஞ்சள். அது நல்ல தேர்வு. நிறங்கள் எல்லாம் வெயிலை ஒரே மாதிரி தாங்குவதில்லை. காவி, மண் மஞ்சள், செங்கல் நிறம் ஆகியவை இரும்பு ஆக்சைடிலிருந்து கிடைப்பவை. கடும் வெயிலிலும் எளிதில் வெளுக்காதவை. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், ரோஜா, ஊதா போன்றவற்றுக்குச் சேர்க்கும் சாயங்களில் பல விரைவில் மங்கிவிடும். ஆகவே கடையில் ஷேடு கார்டைப் பார்க்கும்போது மண் சாயலுள்ள மஞ்சளாகத் தேர்ந்தெடுத்து, வெளிச்சுவருக்கு ஏற்றதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கார்டில் பார்ப்பதைவிடப் பெரிய சுவரில் நிறம் எடுப்பாகத் தெரியும். அதனால் விரும்பியதைவிட ஒரு படி வெளிர்ந்ததையும் சேர்த்துச் சிறிய டப்பாக்களாக வாங்கி, இரண்டடிச் சதுரமாக மேற்கிலும் வடக்கிலும் அடித்து, காலை, உச்சிவேளை, அந்தி மூன்றிலும் பாருங்கள். வெளிர் நிறம் சூட்டையும் குறைவாக இழுக்கும். எங்கள் நீலச் சுவருக்கு உள்பக்கமிருந்த அறையில் பங்குனி இரவுகளில் படுக்க முடியவில்லை. அந்த ஒரு வகையில் என் நிறத்தேர்வில் பிழை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓரங்களுக்குப் புதுச்சேரியில் இருப்பதைப் போலத் தூய வெள்ளை வேண்டும் என்றால் அடியுங்கள். ஆனால் சன்ஷேடின் விளிம்பில் கரும்பாசி முதலில் அதில்தான் தெரியும். நான் சந்தன நிறம் வைத்திருக்கிறேன்.

வரும் பொங்கலுக்கு வீடு பொலிவாக இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு, அன்று எங்கள் பெயிண்டர் சொன்னதே வழி: கழுவிவிடுங்கள். பாசி பிடித்த வடக்குச் சுவரில் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, தும்புப் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், செடிகளின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் இரும்புக் கதவுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் வேண்டுமானால் இப்போதே துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் அடிக்கலாம். இரும்பை ஒரே நாளில் துடைத்துக் காயவைத்துவிட முடியும். பங்குனியில் வேலை முடிந்ததும் மஞ்சளில் ஒரு லிட்டரை மூடி எடுத்துவைத்து, ஷேடு எண்ணையும் வாங்கிய தேதியையும் டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். கையிருப்பு தீர்ந்தாலும் அதே நிறத்தைக் கேட்டு வாங்க அந்த எண் வேண்டும்.