4.6 கொழுப்பு 5 ஆவது ஏன்? ஸ்டோர்டு ப்ரொசீஜருக்கு மதிப்பு அனுப்பும் முறை

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு ஏ.எஸ்.பி. டாட் நெட் எம்.வி.சி.யில் வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டேட்டாபேஸ் எஸ்.க்யூ.எல். சர்வர். அதில் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பான ஸ்டோர்டு ப்ரொசீஜருக்கு, ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பாராமீட்டராக அனுப்பித்தான் சேமிக்கிறேன். உறுப்பினர்கள் சிலர் தமிழிலும் சிலர் மலையாளத்திலும் பெயர் தருகிறார்கள். சேமித்துப் பார்த்தால் எல்லாம் கேள்விக்குறி. கொழுப்பு 4.6 என்று போட்டால் டேபிளில் 5 என ஏறுகிறது. போன் நம்பரைக் காலியாக விட்டால், அந்த பாராமீட்டர் வரவில்லை என்று எரர். பாராமீட்டரே வேண்டாம், முழு வரியையும் ஸ்ட்ரிங்காக ஒட்டி அனுப்பு என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கொழுப்பைப் பார்ப்போம். அதில்தான் மாடு வளர்ப்பவர்களின் பணம் இருக்கிறது.

உங்கள் ப்ரொசீஜரைத் திறந்து பாருங்கள். கொழுப்புக்கான பாராமீட்டரை வெறும் டெசிமல் என்று அறிவித்திருப்பீர்கள். அளவு சொல்லாவிட்டால் எஸ்.க்யூ.எல். சர்வர் அதை டெசிமல்(18,0) என்றே எடுத்துக்கொள்ளும். புள்ளிக்குப் பின்னால் இடமே கிடையாது. டேபிளில் காலத்தை (column) டெசிமல்(5,2), அதாவது மொத்தம் 5 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2 என்று சரியாக வைத்திருந்தாலும் பயனில்லை, மதிப்பு வாசலிலேயே முழு எண்ணாகிவிடுகிறது. 4.6 வந்தால் 5, 4.4 வந்தால் 4. எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) 8.3 என்றால் 8. லிட்டரையும் இப்படித்தான் அறிவித்திருந்தால் 12.5 லிட்டர் 13 ஆகியிருக்கும். எரர் எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. ப்ரொசீஜரில் டெசிமல்(5,2) என்று எழுதுங்கள். அப்ளிகேஷன் பக்கமும் பாராமீட்டரின் பிரிசிஷன் 5, ஸ்கேல் 2 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பெயர் கேள்விக்குறியாவதும் அதே வாசலில் நடப்பதுதான். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங் எப்போதும் யூனிகோட், எல்லா மொழி எழுத்தும் அதில் அடங்கும். 'ஆட்வித்வேல்யூ' என்று அனுப்பினால் அது என்வார்சாராகவே (nvarchar, யூனிகோட் எழுத்து வகை) போகும். ஆகவே அங்கே வார்சார் (varchar) என்று நீங்களே வகை குறிப்பிட்டிருந்தால் ஒழிய, பெயர் பத்திரமாகத்தான் சர்வர் வரை போகிறது. ப்ரொசீஜரின் பாராமீட்டரோ டேபிளின் காலமோ வார்சாராக இருக்கும். வழக்கமான கொலேஷனில் (எந்த மொழி எழுத்துகள் என்று சொல்லும் அமைப்பு) வார்சாருக்குத் தமிழும் மலையாளமும் தெரியாது, ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். அப்ளிகேஷன், ப்ரொசீஜர், டேபிள் மூன்றிலும் என்வார்சார் இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் போச்சு. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் கையால் சோதிக்கும்போது மேற்கோளுக்கு முன்னால் 'என்' (N) எழுத்தைப் போடுங்கள். போடாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் கேள்விக்குறிதான் வரும், அரை நாள் வீணாகும்.

நீளத்தையும் கவனியுங்கள். 'கிருஷ்ணமூர்த்தி' நம் கணக்கில் 8 எழுத்து. கம்ப்யூட்டருக்கு கி என்பது க-வும் இகரக் குறியும், புள்ளியும் தனி. அதன் கணக்கில் 15. ப்ரொசீஜரில் என்வார்சார்(10) என்று வைத்தால் 'கிருஷ்ணமூர' என்று பெயர் பாதியில் நிற்கும். டேபிளில் நேரடியாக ஏற்றினால் நீளம் போதவில்லை என்று எரர் வரும், ப்ரொசீஜரின் பாராமீட்டரோ சத்தமில்லாமல் வெட்டிவிடும். நீளமே சொல்லாமல் விட்டால் அதன் அளவு 1, ஒற்றைக் 'க' மட்டும் மிஞ்சும். வீட்டுப்பெயரையும் சேர்த்து எழுதும் ஊர் உங்களுடையது. 150 வையுங்கள், தாராளமாக இருக்கட்டும்.

போன் நம்பர் விஷயம் சுலபம். எம்.வி.சி. காலிப் பெட்டியை நல் (null, மதிப்பு இல்லை என்ற குறி) ஆக்கித் தரும். சி ஷார்ப்பின் நல்லை அப்படியே பாராமீட்டரில் வைத்தால் மதிப்பே அனுப்பவில்லை என்று பொருள். காலி என்று சொல்ல 'டிபிநல் டாட் வேல்யூ' வைக்க வேண்டும். கூடவே ப்ரொசீஜரில் அந்தப் பாராமீட்டருக்கு டீஃபால்ட்டாக நல் கொடுத்துவிடுங்கள். மதிப்பு எல்லாம் கொடுத்தும் இதே எரர் வந்தால், கமாண்ட் டைப்பை ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்று மாற்ற மறந்திருப்பீர்கள்.

நண்பர் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நாளைக்கு ஒரு டி'குரூஸ் உறுப்பினராகச் சேர்ந்தால் அந்த ஒற்றை மேற்கோளிலேயே வரி உடைந்துவிடும். தெரியாமல் வந்த மேற்கோளுக்கே இந்தக் கதி என்றால், வேண்டுமென்றே ஒருவர் அந்தப் பெட்டியில் டெலீட் கட்டளையை எழுதினால்? பாராமீட்டராக அனுப்பும்போது என்ன எழுதினாலும் அது வெறும் பெயர்தான், கட்டளையாக ஓடாது. ஆனால் ஒன்று: ப்ரொசீஜருக்குள்ளேயே தேடலுக்காக ஸ்ட்ரிங்கை ஒட்டி ஓட்டுகிறீர்கள் என்றால் அதே ஓட்டை அங்கேயும் இருக்கிறது. அந்த இடத்தில் 'எஸ்பி அண்டர்ஸ்கோர் எக்ஸிக்யூட் எஸ்.க்யூ.எல்.' மூலம் பாராமீட்டரோடு ஓட்டுங்கள்.

மாற்றும்போது ப்ரொசீஜரை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டாம், கொடுத்திருந்த அனுமதிகளும் சேர்ந்து போய்விடும். ஆல்டர் (ALTER) கட்டளை போதும்.

இதுவரை ஏறியதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். காலத்தை என்வார்சாராக மாற்றினாலும் பழைய கேள்விக்குறிகள் பெயராகத் திரும்பாது. உறுப்பினர் ரெஜிஸ்டரைப் பார்த்துத் திரும்ப டைப் செய்ய வேண்டியதுதான். கொழுப்பு, எஸ்.என்.எஃப். இரண்டும் முழு எண்ணாக இருக்கும் வரிகளைத் தேடி எடுங்கள். டெஸ்டிங் மெஷின் தந்த சீட்டையோ சொசைட்டியின் கை நோட்டையோ வைத்து அசல் அளவைப் போட்டு, குறைவாகப் பணம் வாங்கியவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து, அடுத்த பட்டுவாடாவுக்கு முன்னால் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.