வெள்ளைப் பாதத்தில் போகாத செங்கறை: நாய்க்குச் சொறியா, அலர்ஜியா?

கேள்வி: கல்லல் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலமும் ஆட்டுப்பட்டியும் இருக்கின்றன. காவலுக்கு மூன்று வயது ராஜபாளையம் நாய் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வாலடியைக் கடித்துக் கடித்து முடியெல்லாம் கொட்டிவிட்டது. ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்குகிறது. வெள்ளைப் பாதம் செம்மண் அப்பியது போல இருக்கிறது, கழுவினாலும் போகவில்லை. சாப்பாடு சோறும் கோழிக் கழிவும்தான். சொறி, பழைய என்ஜின் ஆயில் தடவு என்கிறார்கள். தடவலாமா? ஆட்டுக்கு ஒட்டுமா?

பதில்: ஐயா, என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். புண்பட்ட தோலை அது இன்னும் எரித்துவிடும். நாய் அதை நக்கி விழுங்கினால் ஈரலும் சிறுநீரகமும் கெடும்.

பாதத்தில் இருப்பது செம்மண் இல்லை. ஓயாமல் நக்கும்போது எச்சிலில் உள்ள நிறமி வெள்ளை முடியில் ஏறித் துருப்பிடித்த நிறமாகிவிடும். கறுப்பு நாயாக இருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. மனிதருக்கு அலர்ஜி என்றால் பெரும்பாலும் தும்மலும் மூக்கொழுகலும் வரும். நாய்க்கு அது தோலில்தான் வரும். அதனால் எந்த இடத்தில் அரிக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வாலடி, இடுப்பு, பின்தொடை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தெள்ளுப்பூச்சியைத்தான். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். தெள்ளு கண்ணில் படவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், நாயே கடித்துத் தின்றிருக்கும். வெள்ளைத் துணியை நனைத்து விரித்து, அதன்மேல் நாயை நிறுத்தி வாலடியைச் சீப்பால் வாருங்கள். விழும் கரும்பொடியைச் சுற்றி ஈரத்தில் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் அப்படிப் பரவாது.

பாதம், கக்கம், அடிவயிறு, முகம், காது என்று அரித்தால் தூசி, பூஞ்சை, மகரந்தம் காரணமாகலாம். இது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். காதைத் தூக்கி மோந்து பாருங்கள். நாற்றமும் பழுப்பு அழுக்கும் இருந்து, அடிக்கடி தலையை உதறினால் அதுவும் அலர்ஜியின் அடையாளமே. உங்கள் நாய்க்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

சொறி என்றால் காதோரம், முழங்கை, கணுக்கால் ஆகிய இடங்களில் பொருக்கு தட்டும். காது நுனியை மடித்துத் தேய்த்தால் பின்னங்கால் தானாக உதறும். வீட்டில் யாருக்காவது அரிப்பு வந்தாலும் சொறியைச் சந்தேகியுங்கள். டாக்டரிடம் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், ஆனால் உள்ளே சொறிப்பூச்சி இருந்தால் பெருகிவிடும். ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை நீங்களாகப் போடவே கூடாது. அளவு மீறினால் நடுக்கம், பார்வை இழப்பு, மயக்கம் வரை போகும்.

அலர்ஜி ஆட்டுக்கு ஒட்டாது. தெள்ளு ஒட்டும். முட்டை நாயின் உடம்பிலிருந்து உதிர்ந்து பட்டி மண்ணிலும் சாக்கிலும் பொரிக்கிறது, கூட்டுப்புழு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, பட்டியின் மேல்மண்ணை வழித்துக் கொட்டி, வெயில் படவிடுங்கள். நாய்க்கு எடைக்கேற்ற தெள்ளு மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி, குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் பலருக்கும் திரும்ப வருகிறது.

அதற்குப் பிறகும், மழைக்காலம் போயும் அரிப்பு நிற்கவில்லையா? அப்போது கோழியைச் சந்தேகியுங்கள். எட்டு வாரம் கோழியை அறவே நிறுத்தி, நாய் இதுவரை தின்னாத ஒன்றை மட்டும் சோற்றோடு கொடுங்கள். கண்மாய் மீன் பழக்கமில்லை என்றால் முள் நீக்கி வேகவைத்துப் போடலாம். பிள்ளைகள் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை கெட்டுவிடும்.

முகம் திடீரென வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். குளவி கொட்டி உதடும் கண்ணும் உப்பலாம். அதோடு வாந்தி, மூச்சிரைப்பு, கால் தள்ளாட்டம் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. வீக்கத்தில் பல் பதிந்த தடமோ ரத்தக்கசிவோ இருந்தால் விரியன் கடியாக இருக்கலாம். எதுவானாலும் நாயை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றி, உடனே காரைக்குடி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.